ரெண்டு மழை தாங்காது

தம்பி, ஒரு உதவி. இப்ப இல்ல, ஊத்துங்கிற ஊரு தாண்டினதும் அந்த ஜன்னல் ஓரத்தை எனக்கு விட்டுக் குடுக்கணும். அதுவரைக்கும் நீங்களே உக்காந்துக்கங்க. காத்துக்காகக் கேக்கல. இந்த ஐப்பசி மழையில காத்து எவனுக்கு வேணும்? பெருமாள்மலை ஸ்டாப்புக்கு முன்னாடி இடது கைப் பக்கம் ஒரு சாப்பாட்டுக் கடை வரும். அதுல தொங்குற பலகையை நான் பாக்கணும். பாத்துட்டு ஸ்டாப்புல இறங்கி, எதிர்ல வர்ற பஸ்ஸைப் பிடிச்சு வத்தலக்குண்டுக்கே திரும்பிருவேன். அவ்வளவுதான் மலையில எனக்குச் சோலி.

சிரிக்கிறீங்க. பரவாயில்ல. இந்தக் கண்டக்டரும் சிரிப்பான். அவனுக்கு என்னை நல்லாத் தெரியும். பெருமாள்மலைக்கு டிக்கெட் கேட்டா, "போறதுக்கு மட்டுமா, திரும்பவும் சேத்தா"ம்பான்.

நீங்க எதுவரைக்கும்? கொடைக்கானலா? இடம் வாங்கியிருக்கீங்களா, சந்தோஷம். வீட்டுக்கு என்ன பேரு? அம்மா பேரா. நல்லது. பேரை எதுல வெட்டப் போறீங்க? கிரானைட்டா? கிரானைட்டு கல்லறைக்கு வைக்கிறது தம்பி. அம்மா உசுரோடதான இருக்காங்க? அப்ப மரத்துல போடுங்க. கையால செதுக்கின மரம். ஆதாயத்துக்குச் சொல்லல, என் தொழிலே அதுதான். வத்தலக்குண்டுல இறங்கி, பேருப்பலகை வெட்டுற தெய்வநாயகம் ஆசாரின்னு கேட்டா யாரும் காமிப்பாங்க. இந்த மலையில பங்களா வாசல், காட்டேஜ் வாசல்ல நிக்குற பலகை பாதி என் உளி பட்டதுதான்.

ஆனா மரம் பாத்து எடுக்கணும். அது மாப்பிள்ளை பாக்குறதை விடக் கஷ்டம். மாப்பிள்ளை சரியில்லைன்னா வெளிய தெரியப் பல வருஷம் ஆகும். மரம் சரியில்லைன்னா அடுத்த மழைக்கே பல்லக் காட்டிரும். தேக்குன்னு சொல்லி இப்ப விக்கிறானே, பாதி வெள்ளை. நடுவுல கரும்பழுப்பா இருக்குற வைரத்தை மட்டும் எடுக்கணும். ஓரத்துல ஒரு விரக்கடை வெள்ளை இருந்தாலும் வண்டு அதுலதான் மொத ஏறும். பலா நல்லது, நல்லா முத்துன பலாவா இருக்கணும். வேம்பு முறுக்கிக்கும். ஒட்டுப்பலகை பக்கமே போகாதீங்க, ஏடு ஏடா உரிஞ்சு வந்துரும். வேங்கை இருக்கு பாருங்க, அது ராஜா. மழைக்கும் பயப்படாது, கரையானுக்கும் பயப்படாது. ஒரே குறை, மழை பட்டா சாயம் விடும். வெள்ளைச் சுவத்துல மாட்டுனா சுவரு பூரா வெத்தலை துப்புன மாதிரி ஆயிரும்.

இன்னொண்ணு. தேய்பிறையில வெட்டுன மரமான்னு கேளுங்க. வெட்டி ரெண்டு கோடை காஞ்சிருக்கணும். அப்புறம் அந்த ரெண்டு முனை. மரம் தண்ணி குடிக்கிறது முகத்தால இல்ல, முனையாலதான். அந்தக் குறுக்கு வெட்டை மெழுகு வச்சு அடைக்கணும். இதெல்லாம் சரியா செஞ்சுட்டா அப்புறம் நீங்க அதைத் திரும்பிப் பாக்கவே வேண்டாம். மழையோ வெயிலோ, தன்னால நிக்கும். அதான் வைரம்ங்கிறது. பாத்துப் பாத்துக் கவனிச்சா எந்தக் கட்டையும்தான் நிக்கும், அதுக்கு எதுக்கு ஒரு ஆசாரி?

என் மகளுக்கும் இதைத்தான் சொன்னேன். கேட்டாளா?

ஒரே மக. திண்டுக்கல் அபிராமி அம்மனுக்கு நேந்துக்கிட்டுப் பெத்தது, அதனால அந்தப் பேரையே வச்சோம். காலேஜுக்குப் போனவ, கூடப் படிச்ச ஒருத்தனைக் கட்டிக்கிட்டா. ஜெரால்டுன்னு பேரு. பெருமாள்மலைக்காரன். அவங்கப்பா காப்பித் தோட்டத்துல கங்காணியா இருந்தவரு. நான் வேணாம்னு ஒரு வார்த்தை சொல்லல தம்பி. இதை நீங்க நம்பணும். வேணும்னும் சொல்லல. மரத்துல நான் சாதி பாப்பேன், அது தொழிலு. மனுசன்ல சாதி பாக்குற ஆளில்ல நான். பின்ன ஏன் கல்யாணத்துக்குப் போகலைன்னு ஊரு கேட்டுச்சு. அன்னைக்குன்னு பாத்து ஒரு பலகைக்கு ரெண்டாம் கை எண்ணெய் வைக்க வேண்டியிருந்துச்சு. எண்ணெய் வைக்க ஆரம்பிச்சா பாதியில விட்டுட்டு எழுந்திரிக்க முடியாது. திட்டுத் திட்டாப் போயிரும். இது தொழில் தெரிஞ்சவனுக்குப் புரியும். என் வீட்டுக்காரிக்குப் புரியல. அவ மட்டும் போயிட்டு வந்தா.

ரெண்டு பேரும் சேந்து ரோட்டோரமா ஒரு மெஸ் போட்டாங்க. தையில திறக்கிறதா ஏற்பாடு. ஆடி மாசமே என்கிட்ட வந்துட்டா. பட்டறை வாசல்ல நின்னு, "அப்பா, எனக்கு உங்க கையால ஒரு பலகை வேணும்"னா. எனக்கு உள்ள குளுந்துருச்சு, பொய் சொல்லக் கூடாது. ஊருக்கெல்லாம் வெட்டுறோம், பெத்த பிள்ளைக்கு வெட்ட மாட்டமா? என்னம்மா எழுதணும்னு கேட்டேன். அபிராமி ஜெரால்டு மெஸ்னா.

இதுல என் தப்பு என்ன இருக்கு, நீங்களே சொல்லுங்க. அபிராமி மட்டும்னா ரெண்டரை அடிப் பலகை போதும். பின்னாடி இன்னொரு பேரு சேந்தா அஞ்சடிக்குப் போயிருது. அஞ்சடிக்கு ஓரத்து வெள்ளை இல்லாம, முடிச்சு இல்லாம, ஒரே கட்டை எங்க கிடைக்கும்? ஒத்தைப் பேரா வச்சுக்கம்மா, மரம் கைவசம் இருக்குன்னேன். கடை ரெண்டு பேருதுப்பான்னா. அப்ப மரம் பாக்கணும்னு சொல்லிட்டேன்.

பாத்தேன். பாக்காம இல்ல. ஆவணியில ஒரு தேக்கு வந்துச்சு, ஓரத்துல வெள்ளை. புரட்டாசியில ஒரு பலா, முத்தல. அவளும் ஒவ்வொரு தடவையும் பஸ்ஸேறி வந்து பாப்பா. நான் குறையைக் காமிப்பேன். சரிப்பான்னு போவா. வேங்கை ஒண்ணு இருந்துச்சு. என் பட்டறையிலயே. அஞ்சடிக்கு மேலயே இருக்கும், முடிச்சில்லாம, கண்ணாட்டம். அதைப் பாத்துட்டா. இதுல வெட்டுங்களேன்ப்பான்னா. உன் கடைச் சுவரு வெள்ளை, சாயம் இறங்கும்மான்னேன். சுவத்துக்குச் செவப்பு அடிச்சுக்கிறேன்ப்பாங்கிறா. பலகைக்காக யாராச்சும் சுவத்தை மாத்துவாங்களா தம்பி? அதோட, அந்தக் கட்டை ஒரு காட்டேஜ்காரருக்குன்னு நான் எடுத்து வச்சது. அவரு அப்ப ஆர்டர் குடுக்கல. அப்புறமாத்தான் வந்து குடுத்தாரு. ஆனா குடுப்பாருன்னு எனக்குத் தெரியும்.

ஐப்பசியில அவனே வந்தான், மாப்பிள்ளை. இதே மாதிரி மழைதான். பஸ்ஸு மேல போட்டுக் கொண்டாந்த பலகையை, ஸ்டாண்டுல இருந்து தோள்ல வச்சுத் தூக்கிக்கிட்டு நடந்தே வந்தான். சாக்கைப் போத்தி, பலகை நனையாம. அவன் நனைஞ்சிருந்தான். வாசல்லயே நின்னு, "மாமா, இது எங்கப்பா நட்ட மரம். அவரு போனதுக்கப்புறம் வெட்டினோம். நீளம் போதும்னு அபி சொன்னா. இதுல வெட்டித் தருவீங்களா?"ன்னான்.

சில்வர் ஓக்.

உங்களுக்குத் தெரியாது, சொல்றேன். காப்பிச் செடிக்கு நெழலுக்குன்னு நடுற மரம். மெளகுக் கொடி ஏத்தி விடுவாங்க. வெட்டுனா பழப்பெட்டி அடிக்கலாம். வீட்டுக்குள்ள வச்சாக்கூடச் சரின்னு விட்டுரலாம். வெளியில வச்சா ரெண்டு மழை தாங்காது. நட்டது அப்பனா இருந்தா என்ன, பாட்டனா இருந்தா என்ன, பூஞ்சைக்கு அது தெரியுமா? இதை எதையும் நான் வாய்விட்டுச் சொல்லல. வீட்டுக்கு வந்த பிள்ளை. ராஜாமணி, அதான் என் வீட்டுக்காரி, தலை துவட்டத் துண்டு குடுத்தா, காப்பி குடுத்தா. வச்சுட்டுப் போங்க, சோதிச்சுப் பாக்குறேன்னேன். அவ்வளவுதான் பேசினேன்.

சோதனைக்கு என் பட்டறையில ஒரு முறை இருக்கு. மரத்தை முத்தத்துல வெறுந்தரையில படுக்கப் போட்டுருவேன். மழை பெய்யட்டும், வெயிலடிக்கட்டும். தாங்குனா மரம், தாங்கலைன்னா வெறகு. எல்லா மரத்துக்கும் இதே சோதனைதான். எல்லா மரத்துக்கும்னா, சந்தேகப்படுற மரத்துக்கு. தேக்குக்கும் வேங்கைக்கும் எதுக்கு, அது நமக்குத் தெரிஞ்ச மரம். அந்த வருஷம் கார்த்திகை முச்சூடும் மழை ஊத்துச்சு. ராஜாமணி ரெண்டொரு தடவை அந்தப் பலகையைத் தூக்கித் தாழ்வாரத்துல சாய்ச்சு வச்சா. நான் திருப்பி எடுத்துத் தரையில போட்டேன். சோதனைன்னா பாதியில நிறுத்தலாமா?

மார்கழியில ரெண்டு பேரும் வந்தாங்க. பலகை வில்லாட்டம் வளைஞ்சு, நெறமெல்லாம் போயி, சாம்பல் பூத்துக் கிடந்துச்சு. நான் சொன்னா கோவம் வரும், இப்ப மரமே சொல்லிருச்சு பாருங்கன்னு காமிச்சேன். அந்தப் பையன் குந்த வச்சு உக்காந்து அதைக் கையால தடவுனான். மண்ணைத் தட்டி விட்டான். அவன் நாலு வார்த்தை பேசியிருந்தா நானும் பேசியிருப்பேன், அன்னைக்கே முடிஞ்சிருக்கும். அபிராமிதான் பேசினா. அவளும் சத்தம் போடல.

"குடுங்கப்பா. கோணலாவே இருந்துட்டுப் போகட்டும்."

அவ்வளவுதான் சொன்னா. சொல்லிட்டு நேரா பட்டறைக்குள்ள போயி, சுவத்துல மாட்டியிருந்த அரையங்குல உளியை எடுத்துக்கிட்டா. கேக்கல, ஒண்ணுமில்ல. சின்னதுல அதை வச்சுத்தான் கழிவுக் கட்டையில பூவெல்லாம் கொத்திக்கிட்டு இருப்பா. தொழில் செய்யிற இடத்துல இருந்து உளியை எடுத்துட்டுப் போறது என்ன பழக்கம் தம்பி? அந்த ஆணி இன்னும் வெறும் ஆணியாத்தான் இருக்கு. வேற உளி வாங்கி மாட்ட எனக்குத் தெரியாதா? மாட்டல. அது எதுக்கு இப்ப.

அந்தப் பலகையில அவளே வெட்டினா. திறப்புக்கு அழைப்பு வந்துச்சு. எனக்கு அந்த வேங்கைப் பலகை வேலை இருந்துச்சு, போகல. ராஜாமணி போயிட்டு வந்து, நல்லா வெட்டியிருக்கான்னு சொன்னா. இவளுக்கு என்ன தெரியும்? ரெண்டு மழைன்னு நான் சொன்னேன். ராஜாமணிகிட்ட சொன்னேன், பக்கத்துக் கடையில சொன்னேன், கேட்டவங்க எல்லாருகிட்டயும் சொன்னேன். ரெண்டு மழை, அப்புறம் என் பட்டறை வாசலுக்குத்தான் வந்து நிக்கணும்னு.

இந்தா, ஊத்து வந்துருச்சு. தம்பி, அந்தப் பக்கம் பாருங்க, அந்த மஞ்சள் கட்டடம். பிளாஸ்டிக்குல லைட்டு போட்டு பேரு எரியுதுல்ல, அதுதான் நான் சொன்ன காட்டேஜு. ஆர்டர் குடுத்தவரு வித்துட்டுப் போயிட்டாரு. வாங்குனவனுக்கு என் பலகை வேணாமாம். வாசல்ல சாக்கடைக்குக் குறுக்க ஒரு கட்டை கிடக்கு தெரியுதா? அதான் அந்த வேங்கை. எழுத்து கீழ, முதுகு மேல. ஆளு அதுமேல நடக்குறான், பைக்கை ஏத்துறான். வயிறு எரியத்தான் செய்யுது. ஆனா போன தடவை இறங்கிப் போயிக் குனிஞ்சு பாத்தேன். ஒரு வெடிப்பு இல்ல. ஒரு பூஞ்சை இல்ல. நான் சொன்னேன்ல, யாரும் திரும்பிப் பாக்காட்டியும் நிக்கும்.

இப்ப இடம் மாறிக்குவமா? நல்லது. உங்க குடையை எடுத்துக்கங்க. இந்தக் கண்ணாடி வேற மூடுபனி பிடிச்சுக் கிடக்கு.

மொத மழைக்கு அப்புறம் வந்து பாத்தேன். எதிர்ல ஒரு பழைய பஸ் நிழற்குடை இருக்கு, இப்ப அங்க பஸ் நிக்கிறதில்ல, அதுல நின்னுக்கிட்டா நேராத் தெரியும். எழுத்தைப் பாத்தேன். இடத்தைக் கணக்குப் பண்ணாம வெட்டியிருக்கா, அபிராமி ஜெரால்டுங்கிறதுலயே பலகை முடிஞ்சுபோச்சு. மெஸ்ஸுன்னு போட இடமில்ல. என்ன கடைன்னே பலகையில கிடையாது. ஆனா உள்ள கூட்டம். வளைவை நிமித்தவும் இல்ல, அப்படியே சிரிச்ச வாய் மாதிரி வளைஞ்சுக்கிட்டு தொங்குது. அந்தக் கோணலுக்குப் பக்கத்துல நின்னு போட்டோ வேற எடுக்குறாங்க. சரி, இன்னொரு மழை இருக்கேன்னு திரும்பிட்டேன்.

ரெண்டாவது மழைக்கும் வந்தேன். அப்படியே இருக்கு. அதுக்கடுத்த மழைக்கும் அப்படியே. எனக்குத் தூக்கம் வரல தம்பி. சில்வர் ஓக்கு எப்படி நிக்கும்? நிக்கக் கூடாது. மரத்துல என் கணக்கு தப்புனா என் தொழிலே தப்பு. ஒரு நாள் பஸ்ஸை விட்டுட்டு இருட்டுற வரைக்கும் நிழற்குடையிலயே உக்காந்தேன். அப்பத்தான் தெரிஞ்சுது கள்ளத்தனம்.

சாயங்காலமானா பலகையைக் கழட்டி உள்ள கொண்டு போறாங்க! அவன் ஒரு ஸ்டூல்ல ஏறுறான், இவ ஒரு ஸ்டூல்ல ஏறுறா. அந்தக் கொக்கியை மாட்டுன லட்சணம், ஒரு முனையை ஒருத்தர் தூக்கிப் பிடிச்சாத்தான் இன்னொரு முனை கழலும். ஒத்தை ஆளால முடியாது. கழட்டி, ஆளுக்கொரு பக்கம் பிடிச்சு, பிள்ளையோட தொட்டிலைத் தூக்குற மாதிரி உள்ள போறாங்க. காலையில திரும்ப மாட்டுறாங்க. நடுவுல தூறல் விழுந்தாலும் சோத்துக் கரண்டியைப் போட்டுட்டு ஓடி வந்து கழட்டுறாங்க. சாப்பிட உக்காந்தவனும் எழுந்து வந்து பிடிக்கிறான். அது என்ன பேருப்பலகையா, பால்மாடா? பொழுது சாஞ்சாக் கட்டி விடிஞ்சா அவுக்க? மழையே படாத மரம் எப்படி மக்கும்? இது ஏமாத்து இல்லையா?

வீட்டுக்குப் போயி ராஜாமணிகிட்ட சொன்னேன். தினமும் கழட்டி மாட்டுறாங்கடி, அதான் நிக்குதுன்னேன். அவ அரிசி களைஞ்சுக்கிட்டே, "அதுக்கென்ன, ரெண்டு பேருக்கும் கை இருக்கு"ன்னுட்டா. என்ன பேச்சு இது? அதுக்கப்புறம் அவகிட்ட இதைப் பத்தி நான் பேசுறதில்ல. அவளும் பேசுறதில்ல. மாசம் ஒருக்கா பையைத் தூக்கிக்கிட்டு மேல வருவா, எங்க போறேன்னு நான் கேக்க மாட்டேன். இப்பப் போயி ஒரு வாரத்துக்கு மேல ஆச்சு. போறப்ப என் பழைய வேட்டியெல்லாம் எடுத்து, மெத்துனு இருக்குறதாப் பாத்துக் கிழிச்சு, மடிச்சு மடிச்சுப் பையில வச்சா. எதுக்குன்னு நான் கேக்கல. எனக்குத் தெரியாதா எதுக்குன்னு? ஒரு வார்த்தை என்கிட்ட சொன்னாளா? தாத்தனாகப் போறவன் வேட்டி மட்டும் வேணும், தாத்தன் வேணாம். சரி, அது அவங்க பாடு. நான் வந்தது பலகையைப் பாக்க.

வளைவு வந்துருச்சு. இதைத் திரும்புனா கடை. கொஞ்சம் கண்ணாடியைத் துடைச்சுக்கிறேன்.

என்ன இது? இந்த மழையில பலகை வெளியிலயே கிடக்கு. கதவு பூட்டியிருக்கு. தம்பி, பாருங்க, உங்களுக்குக் கண்ணு நல்லாத் தெரியும். ஒரு பக்கம்தான் கொக்கியில இருக்கு, இல்ல? மறுபக்கம் கீழ தொங்குது. முனை கீழ பாத்துக் கிடக்கு, மேல விழுகுற தண்ணி பூரா அந்த முனைக்குத்தான் இறங்கும். மெழுகு வச்சு அடைச்சிருப்பாளா? நான் சொல்லிக் குடுக்கவே இல்லையே. பாதி மாட்டிட்டு எங்க போனாங்க? கண்டக்டர் தம்பி, இந்தக் கடைக்காரங்க எங்க?

என்ன சொல்றான்? காலையிலயா? எந்தப் பஸ்ஸுல? உங்க மொத டிரிப்புலதானா? வலி எடுத்துருச்சா. கூட யாரு இருந்தா, வயசானவங்க ஒருத்தங்க இருந்தாங்களா? இருந்தாங்களா, சரி. அவன்? அவனும் போயிருக்கான். சரி. நடந்து ஏறினாளா? நடந்துதான் ஏறினாளா. சரி, சரி.

இல்லப்பா, கொடைக்கானல் ஆஸ்பத்திரி வாசல்ல இறக்கி விட வேணாம். விசில் அடி, வண்டியை நிறுத்து. ஸ்டாப்பு இல்லைன்னா என்ன, ஒரு நாளைக்கு நிறுத்து. அங்க பாத்துக்க அவ ஆத்தா இருக்கா, கட்டினவன் இருக்கான், டாக்டரு இருக்காங்க. இதுக்கு யாரு இருக்கா? ராத்திரி முழுக்க இப்படியே தொங்குச்சுன்னா நாளைக்குப் பிள்ளையைத் தூக்கிக்கிட்டு வந்து அவ எதைப் பாப்பா?

தம்பி, கோவிச்சுக்காதீங்க, நீங்களும் கொஞ்சம் இறங்குங்க. பின்னாடியே அடுத்த பஸ்ஸு வந்துரும். ஒத்தை ஆளால அது கழலாது, நான்தான் சொன்னேன்ல. அந்த முனையை மட்டும் தூக்கிப் பிடிங்க, நான் இந்தக் கொக்கியைப் பாத்துக்கிறேன். தாழ்வாரத்துல சாய்ச்சு நிறுத்திட்டாப் போதும். குடையை விரிங்க. எனக்கில்ல, பலகைக்கு. மெதுவா. என்ன ஆனாலும் தரையில மட்டும் படுக்கப் போட்டுறாதீங்க. தரையில போட்டா அது தாங்காது.